பெரிய பேர்

நம் ஞாயிறு பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் மூச்சு ஓடுகிறதோ தெரியாது. ஓடுகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பல் போன காலத்தில் பழங்கதை எதற்கு என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘பெரிய பேர்’ என்று சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும். உலகத்தில் வேறு ஒருவருக்கும் விளங்காது.

மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன். வேதத்தில் வம்ச அட்டவணை வருகிற அதிகாரங்களை வாத்தியார் நம்மை வரிசையாக வாசிக்கச் சொல்வார். இன்னார் இன்னாரைப் பெற்றான், அவன் இன்னாரைப் பெற்றான் என்று பக்கம் பக்கமாகப் போகும். ஒரு பேராவது நம் வாயில் நுழையுமா? திக்கினால் முதுகில் பிரம்பு. இதற்கு வழி கண்டுபிடித்தவள் நம் எல்லோருக்கும் மூத்தவளான பாட்டக்கா. நுழையாத பேர் வந்தால் ‘பெரிய பேர்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்குத் தாண்டிவிட வேண்டியது. “பெரிய பேர் பெரிய பேரைப் பெற்றான்” என்று நாம் கணீரென்று வாசிப்போம். வாத்தியார் பிரம்பைத் தாடைக்கு முட்டுக்கொடுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். ‘ஸ்’ என்று முடிகிற பேராக இருந்தால் எழுத்துக்கூட்டவே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு தாண்டலாம் என்பது பாட்டக்கா போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை நாம் யாரும் மீறியதில்லை.

இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முந்தி. எனக்கு ஒன்பது வயது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே வயலை ஒட்டி இருந்த நம் ஓட்டுக்கோயிலுக்கு என் அப்பா உபதேசியார். காலை மாலை ஜெபம், வீடு சந்திப்பு எல்லாம் அப்பா பார்த்துக்கொள்வார். அப்பமும் திராட்சரசமும் வைத்த திருவிருந்து மட்டும் அவர் கொடுக்க முடியாது. அதற்கு ஐயர் வர வேண்டும். பாதிரியாரைத்தான் நாம் ஐயர் என்போம் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரயிலில் வந்து இறங்கி, வில்வண்டியில் கோயிலுக்கு வருவார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகப் பெரியவர்கள் எல்லோரும் காத்துக் கிடப்பார்கள்.

அந்த வருஷம் சாரல் விடவே இல்லை. உப்புச்சட்டியில் உப்பு கரைந்து தண்ணீராகிவிட்டது. தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் உதிரும். அடுப்புப் பற்றவைக்க ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொட்டாங்கச்சியில் கங்கு வாங்கிக்கொண்டு போவோம். ஞாயிற்றுக்கிழமைப் பாவாடை அரைகுறையாகக் காய்ந்து வாடை அடிக்கும். குற்றாலத்து ரஸ்தாவில் வண்டிக்குப் பின் வண்டி. அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற கூட்டம் போட்ட எண்ணெயெல்லாம் சிற்றாற்றில் மிதந்து நம் படித்துறை வரைக்கும் வரும். காலை நனைத்தால் வழுவழுவென்று இருக்கும். சீசன் வந்துவிட்டது என்று நமக்கு அப்படித்தான் தெரியும்.

சீசன் என்றால் நம் மூப்பருக்குத் தலைகால் புரியாது. சபையில் அவர்தான் பெரிய மனிதர். தென்காசியில் அரிசி மில், வடகரையில் தென்னந்தோப்பு, குற்றாலத்தில் ஒரு பங்களா. நம் கோயில் மணி அவர் வாங்கிக் கொடுத்தது. பங்களாவுக்குத் துரைமாரும் பெரிய உத்தியோகஸ்தர்களும் வந்து தங்குவார்கள். அவர்களுக்குப் பாத்திரம் துலக்கப் பாட்டக்காவை அழைத்துப் போனார்கள்.

பாட்டக்காவின் அம்மாவை நாம் ஓலைச் சித்தி என்போம். புருஷன் இல்லை. பனையோலைப் பெட்டி முடைந்து விற்று மகளை வளர்த்தாள். வாழ்க்கையில் அவளுக்கு வாய்த்த ஒரே பெருமை மகளின் குரல்தான். பாட்டக்கா பாடினால் வாத்தியார்கூட முழித்துக்கொள்வார். அப்பா தப்பான சுருதியில் பாட்டை ஆரம்பித்தால், அவள் மெதுவாக நடுவில் புகுந்து சபை முழுவதையும் சரியான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. தாம் நன்றாகப் பாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம். பங்களாவில் விருந்தாளித் துரை சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். கொல்லையில் பாட்டக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே பாடுகிறாள். தான் பாடுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது, மூச்சுவிடுகிற மாதிரிதான் பாடுவாள். துரை எழுந்து ஜன்னலைச் சாத்தினாராம். அவ்வளவுதான். மூப்பர் கொல்லைக்கு வந்து அவள் செவிட்டில் ஒன்று விட்டார். அவள் விழுந்து எழுந்தாள். அடுத்த பக்கமும் ஒன்று விட்டார். ஒரு கன்னத்தில் அறை வாங்கினால் மறு கன்னத்தையும் காட்ட வேண்டும் என்று நமக்குப் படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் காட்டவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார்.

பார்த்தது மூப்பரின் வில்வண்டிக்காரர் ஒருவர்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் எல்லோரும் சரியாகிவிடும் என்றுதான் இருந்தார்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டார்கள். சீழ் வைத்தது. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. “இன்னிக்கு ஏன் இன்னும் மணி அடிக்கல?” என்று பாட்டக்கா கேட்டாள். அப்போது அந்த வீட்டில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். ஓலைச் சித்தி கையிலிருந்த பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

தென்காசி சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு செவியிலும் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். ஓலைச் சித்தி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கோர்ட்டு வாசலுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு வக்கீல் குமாஸ்தா. நம் சபைக்காரர் இல்லை, நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பார். அவர் மனமிரங்கி பிராது எழுதிக் கொடுத்தார். வண்டிக்காரரையும் கண்டு பேசினார். “கண்ணால பாத்ததைச் சொல்லுததுக்கு எனக்கென்ன பயம்?” என்றாராம் வண்டிக்காரர். மூப்பருக்கு சம்மன் வந்தது. நம் சபையில் அப்படி ஒரு சங்கதி அதற்கு முன் நடந்ததில்லை.

அந்தத் தடவை ஐயர் வந்ததும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். ஐயர் நல்லவர். அதுதான் எனக்கு இன்று வரை ஆறவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஓலைச் சித்தியையும் மூப்பரையும் வரவழைத்தார். மூப்பர் நாற்காலியில் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி கதவோரம் நின்றாள்.

“மன்னிக்கணும்னா மன்னிச்சாச்சு ஐயா” என்றாள் சித்தி. “காலம்பற எந்திரிச்சதும் எனக்கு மொத ஜெபம் அதுதான். ஆனா எம்பிள்ளையை அடிச்சேன்னு அவிய வாயால சொல்லணும். இங்கன சொல்லுதாவளான்னு கேளுங்க. மாட்டாவ. சரி, கோர்ட்டுல சொல்லட்டும்.”

“மன்னிச்சாச்சுன்னு சொல்லுத. பெறவு கேஸு எதுக்கு தங்கச்சி?” என்றார் அப்பா.

“மன்னிப்பு நான் குடுக்கது அண்ணே. நியாயம் எம்பிள்ளைக்கு வர வேண்டியது. என் பங்கை நான் குடுத்திட்டேன். அவ பங்கையும் சேத்து நான் எப்படிக் குடுக்க முடியும்?”

அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். யாரும் இதற்குப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

ஐயர் எழுந்து நின்று சொன்னார். “ரெண்டு பேரு பகையா இருக்கிற சபையில நான் பந்தி வைக்க முடியாது. என்னைக்கு ராசியாகுதியளோ அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க, வாரேன்.” அப்பமும் ரசமும் பெட்டியில் அப்படியே இருக்க, வண்டி ஏறிப் போய்விட்டார். இரண்டு பேர் தோளிலும் சமமாகப் பாரம் விழும், இருவரும் இறங்கி வருவார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நம் ஊரில் பாரம் எந்தத் தோளில் போய் உட்காரும் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவர்தான்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டது. “ஒருத்தி வைராக்கியத்துக்கு ஊரே பட்டினி கிடக்கணுமோ?” என்று படித்துறையில் பேசினார்கள். பட்டினி என்றது திருவிருந்தை. அவளிடம் பெட்டி வாங்குகிறவர்கள் நின்றுபோனார்கள். உங்கள் அம்மாமார் என்ன சொன்னார்கள் என்று நான் எழுதப் போவதில்லை, என் அம்மா செய்ததை எழுதுகிறேன். ஒருநாள் காலையில் சித்தி கொட்டாங்கச்சியோடு எங்கள் வாசலில் கங்குக்கு நின்றாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. “இன்னும் பத்தவைக்கல” என்றாள் அம்மா. புகை வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. சித்தி அதைப் பார்த்தாள். சாரலில் நனைந்துகொண்டே போனாள்.

ஒரு மாதம் இப்படிப் போனது. பிறகு அப்பா ஒருநாள் தென்காசிக்குப் போய்விட்டு ஒரு காகிதத்தோடு வந்தார். சித்தியிடம் கொடுத்து, “இது ராசியானதுக்கு ஒரு காயிதம். படிக்கத் தெரிஞ்சவங்களை வச்சுப் படிச்சுப் பாத்துட்டு கைநாட்டு வச்சுக் குடு. ஐயர் வந்து பந்தி வைப்பாவ” என்றார். அப்பா பொய் சொல்லவில்லை. அவர் ஆயுளில் பொய் சொன்னதில்லை. வழக்குச் சமரசத்துக்கு எழுதுகிற ராசிநாமா என்ற கோர்ட்டு வார்த்தையைத் தமிழாக்கிச் சொன்னார், அவ்வளவுதான்.

படிக்கத் தெரிந்தவர்கள் என்றால் யாரிடம் போவாள்? மகளுக்குக் கண் இருந்தது. ஆனால் திருத்தமான எழுத்தைத்தான் அவள் வாசிப்பாள், கோர்ட்டுக் குமாஸ்தாக்களின் கோழிக்கிறுக்கல் அவளுக்குப் பிடிபடாது. சபையில் ஒருவர் பேச்சையும் சித்தி நம்பவில்லை. என்னிடம் வந்தாள். அப்பாவும் அம்மாவும் இல்லாத நேரம். “ஏட்டி, நீ உபதேசியார் மக. சின்னப்பிள்ளை பொய் சொல்லாது. என்ன போட்டிருக்குன்னு வாசி” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியவர்கள் காகிதத்தை அதுவரை யாரும் என் கையில் கொடுத்ததில்லை.

மேலே ராஜா தலை போட்ட ஸ்டாம்பு ஒட்டியிருந்தது. “கோயில் காயிதத்துல ராசா தலை எதுக்கு?” என்று கேட்டாள் சித்தி. நாம்தான் ஞாயிறுதோறும் ராஜாவுக்காக ஜெபம் பண்ணுகிறோமே, அதனால் ராஜாவும் நம் சபைக்காரர்தான் என்று எனக்கு எண்ணம். அதைச் சொன்னேன். சரியென்று தலையாட்டினாள். அடுத்த வரி ராசிநாமா. நாமா என்றால் என்ன என்று கேட்டாள். “நாமம்தான் சித்தி. கர்த்தருடைய நாமம். அவர் நாமத்தால ராசியாகுறது” என்றேன். நானாகச் சொன்ன வியாக்கியானம். சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு விஷயத்துக்கு வந்தேன். எதிரியும் நானும் சமாதானமாகிவிட்டபடியால் என்று வாசித்தேன். “எதிரின்னா அவியளா?” என்றாள். ஆமாம் என்றேன். அடுத்த வரியில் இருந்தது இது: நான் கொடுத்த பிராதை வாபஸ் பெற்றுக்கொள்ளுகிறேன். கிறுக்கலான எழுத்து. சாரலில் மை வேறு ஊறியிருந்தது. நான் அதுவரை கேள்விப்படாத அந்த ஒரு வார்த்தை ‘ஸ்’ என்று முடிந்திருந்தது. யாரோ ஒரு பழைய பரிசுத்தவானின் பேர் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட அதிகம். பழக்கம் என்னைத் தாண்ட வைத்தது.

“நான் கொடுத்த பிராதை, பெரிய பேர், பெற்றுக்கொள்ளுகிறேன்” என்று வாசித்தேன்.

“பெரிய பேரா?”

“அது ஒரு பேரு சித்தி. வேதத்துல வாறது. விட்டுட்டு வாசிக்கலாம்.”

சித்தி அந்த வரியை வாயில் போட்டு மெல்லச் சொல்லிப் பார்த்தாள். “நான் குடுத்த பிராதை... பெத்துக்கிடுதேன். குடுத்ததுக்குப் பலன் பெத்துக்கிடுதேன். அப்படித்தான?” கேட்டால் பெற்றுக்கொள்ளலாம், தட்டினால் திறக்கும் என்று கோயிலில் கேட்டே வளர்ந்தவள். பெற்றுக்கொள்ளுகிறேன் என்ற வார்த்தைக்கு அவளுக்கு அந்த ஒரு அர்த்தம்தான் தெரியும். எனக்கும் அதுதான் தெரியும். “அப்படித்தான் சித்தி” என்றேன். அப்பா மேஜையிலிருந்த மைக்கூட்டில் பெருவிரலைத் தோய்த்து அங்கேயே கைநாட்டு வைத்தாள். போகும்போது என் தலையில் கை வைத்து, “நல்லா இருப்பே” என்றாள்.

ஐயர் வந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை. இரண்டு பேரையும் முன்னால் அழைத்து நிறுத்தினார். மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மனுசன்னா முன்ன பின்ன இருக்கும். நடந்தது நடந்துபோச்சு. இனி எல்லாரும் ஒண்ணா இருப்போம்” என்றார். சித்தி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அதற்கு மேல் பேசவில்லை. ஐயர் இருவர் கையையும் எடுத்துச் சேர்த்து வைத்தார். பெண்கள் பக்கம் எல்லோரும் அழுதார்கள். என் அம்மாதான் சத்தமாக அழுதாள். மறுநாள் காலையில் முதல் வேலையாக ஒரு கொட்டாங்கச்சி நிறையக் கங்கு கொண்டுபோய் அவள் வீட்டில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தியில் மூப்பர் குடித்த பாத்திரத்தில் சித்தியும் குடித்தாள். பாட்டுத் தொடங்கியது. பாட்டக்கா எழுந்து நின்றாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் பாடுவது அன்றுதான். எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டு பாடினாள். குரல் அதே குரல்தான். ஆனால் பாட்டு ஒரு பக்கம் போக, அவள் ஒரு பக்கம் போனாள். நம் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தீர்கள். யாரென்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். நானும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். பாட்டு முடிந்து சபை உட்கார்ந்த பிறகும் அவள் ஒரு அடி தனியாகப் பாடினாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். நம் முகங்களைப் பார்த்தாள். உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் பாடிக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

கேஸ் வாய்தா அடுத்த வாரம். சித்தி மகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு தென்காசிக்கு நடந்தாள். அங்கே பேசுவதை உடனுக்குடன் சிலேட்டில் எழுதிப் பாட்டக்காவுக்குக் காட்ட வேண்டும், அதற்குத்தான் நான். ராசியாகிவிட்டதே என்று அம்மாவும் அனுப்பிவிட்டாள். இடி விழுந்து பிளந்து நிற்கும் கோபுரம் கண்ணில் பட்டதும் சித்தி நடையை எட்டிப் போட்டாள். சலவைச் சேலை கட்டியிருந்தாள். அன்றைக்குத்தான் மூப்பர் சொல்லப் போகிறார் என்று நம்பினாள். ஆண்டவர் முன்னால் சொல்ல வெட்கப்பட்டவர், அதிகாரி முன்னால் சொல்லித்தானே ஆக வேண்டும்?

மாஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். “இது உன் கைநாட்டுதானா?”

“ஆமா எசமான்.”

“என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுதான் வச்சியா?”

“பிள்ளை வாசிச்சுச் சொல்லிச்சு எசமான். தெரிஞ்சுதான் வச்சேன்.” என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“யாரும் பலவந்தம் பண்ணலையே?”

“இல்ல எசமான்.”

அவர் எதையோ எழுதினார். மூப்பர் கும்பிட்டுவிட்டுக் கூண்டை விட்டு இறங்கினார். அவருடைய வக்கீல் காகிதங்களைக் கட்டினார். சித்தி நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். “எசமான், அவிய இன்னும் சொல்லலியே” என்றாள்.

“என்ன சொல்லணும்?”

“அடிச்சேன்னு.”

பின்னாலிருந்து சிரிப்புக் கிளம்பியது. டவாலிக்காரர் வந்து, “கேஸு முடிஞ்சுபோச்சும்மா, வெளிய போ” என்றார்.

விபூதிக் குமாஸ்தா அப்போதுதான் வேறு எங்கோ வேலை முடிந்து ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. வண்டிக்காரன் சாட்சிக்கு வந்து மரத்தடியில நிக்கான். நீயே வாபஸ்னு எழுதிக் குடுத்திட்டியே.”

“கோயில் காயிதம்னு நெனச்சேன் அண்ணாச்சி” என்றாள் சித்தி. பிறகு, “வாபஸுங்கது யாரு அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

“யாருமில்லம்மா. குடுத்ததைத் திருப்பி வாங்கிக்கிடுதது. கேஸு வேண்டாம்னு சொல்லுதது.”

சித்தி என் பக்கம் திரும்பினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். இதற்குள் பாட்டக்கா என் கையிலிருந்த சிலேட்டை வாங்கி ‘சொன்னாரா?’ என்று எழுதி நீட்டினாள். நான் எச்சில் தொட்டு அதை அழித்தேன்.

சித்தி ஐயருக்கு ஆள் அனுப்பினாள். தனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது, கேஸைத் திரும்பத் திறக்க வேண்டும் என்றாள். சபை சீறிக்கொண்டு எழுந்தது. திருவிருந்துப் பாத்திரத்தில் வாய் வைத்துவிட்டு வார்த்தை மாறுகிறாள் என்றார்கள். அப்பா எல்லோரிடமும் சொன்னார், “எம்மக ஒரு எழுத்து விடாம வாசிச்சுக் காட்டியிருக்கா. தெரிஞ்சுதான் வச்சா.” அவர் அதை மெய்யாகவே நம்பினார். நான் வாசித்ததுதான் அவள் பொய்க்காரி என்பதற்கு அத்தாட்சி ஆயிற்று.

ஐயர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். கோயில் பின்புறம், மணிக் கயிற்றுக்குப் பக்கத்தில். குனிந்து என் முகத்தைப் பார்த்தார். “பயப்படாத. நீ வாசிச்சதுல எதையும் விட்டியா?” என்று கேட்டார். அடிக்கிற குரல் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ‘பெரிய பேர்’ வெளியே வந்தால் வேதத்தையே விட்டுவிட்டு வாசித்தவர்கள் என்று நம் பெஞ்சு முழுவதற்கும் முதுகு பிய்ந்துவிடும். உங்களைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். என் முதுகைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

“முழுசும் வாசிச்சேன் ஐயா” என்றேன்.

ஐயர் பெருமூச்சு விட்டு என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். சித்தி கைவைத்த அதே தலை.

அந்தச் சாரல் ஓய்வதற்குள் அவர்கள் ஊரைக் காலிபண்ணிக்கொண்டு போய்விட்டார்கள். சிவகிரியில் சித்திக்கு ஒரு தம்பி இருந்தார். வண்டியில் ஏறும்போது எங்கள் வாசலைப் பார்த்தாள். அப்பா வெளியே வந்து, “எல்லாத்தையும் மன்னிச்சிரு தங்கச்சி” என்றார். “அது முடிஞ்ச விசயம் அண்ணே. அதை மட்டுந்தான் எங்கிட்ட எல்லாரும் கேட்டிய” என்றாள் சித்தி. மூப்பர் நிறைய வயது வாழ்ந்து படுக்கையில் செத்தார். சலவைக்கல் கல்லறை. சமாதானம் பண்ணினவர் என்று அதில் வெட்டியிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு சிவகிரிக்குப் போனேன். சித்தி இரண்டு வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டாள் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. பாட்டக்கா மட்டும் இருந்தாள். ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்து, வேண்டாத உரத்த குரலில், “ஏட்டி, நீயா! எவ்வளவு வளந்துட்ட!” என்றாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். காகிதம், பெரிய பேர், மணிக் கயிற்றுப் பக்கத்தில் நான் சொன்ன பொய், எல்லாம். அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. கேட்காது என்று தெரிந்துதான் நான் வாயைத் திறந்திருக்கிறேன். இது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. அவள் என் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன தன் அம்மாவை நினைத்து அழுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

பிறகு எழுந்துபோய் மாடத்திலிருந்து சிலேட்டை எடுத்து வந்தாள். சட்டம் உடைந்து கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பலப்பத்தையும் என் கையில் வைத்து, “என்னட்டி சொல்லுத? எனக்கு விளங்கல. எழுதிக் காட்டு” என்றாள்.

நான் பலப்பத்தை வாங்கினேன். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். ‘சுகமா இருக்கியா அக்கா?’ என்று எழுதினேன்.

அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஒரு எழுத்தையும் விடவில்லை.

“சுகந்தாண்டி” என்றாள்.